மெசின் மிதிக்க வேணும் என்று சொன்னேன்

பாரிசவாதம் வந்தவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பார்கள். "சாப்பிடுறாவோ?", "நித்திரை கொள்ளுறாவோ?", "பிரஷருக்குக் குளிசை போட்டவவோ?" கட்டிலில் கிடக்கிறவர் வாயைத் திறக்க முதல் மகள் ஒன்று சொல்வாள், மச்சாள் இன்னொன்று சொல்வா. எனக்கு அடைத்தது வலது பக்க மூளையில் ஒரு இரத்தக் குழாய். இடது கையும் இடது காலும் விழுந்தன. பேச்சு கொஞ்சம் குழறியதே தவிர அறிவும் சொல்லும் என்னிடம்தான் இருந்தன. ஆனாலும் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த காலம் முழுக்க என்னைப் பற்றிய கதை என் தலைக்கு மேலால்தான் போய்க்கொண்டிருந்தது. இதில் ஒருவரையும் பிழை சொல்ல மாட்டேன். வருத்தக்காரரைப் பேச விடாமல் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் ஊரில் அன்பு.

நான் யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துப் பக்கம். விறாந்தையில் ஒரு மிதி மெசின் போட்டுத் தைக்கிறவள். சேலைச் சட்டை, பாவாடை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சீருடைத் துணி வந்துவிட்டால் விறாந்தை முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னால் வரும் வேலை வேறு, நித்திரையே இராது. மகன் கனடாவில். மகள் பக்கத்து ஒழுங்கையில். இவர் ஓய்வுபெற்றவர். சாப்பாட்டுக்குத் தையலை நம்பியிருக்கிற வீடு அல்ல எங்களுடையது. அதனால்தான் பின்னால் வந்த வில்லங்கமும்.

முதன்முதலாக என்னைப் பார்த்துக் கேட்டது ஒரு சின்னப் பிள்ளை. ஓ.ரி. மிஸ். தொழில்வழிச் சிகிச்சை என்று சொல்கிற பிரிவு. பிசியோ நடக்கப் பழக்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், ஓ.ரி. என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவர்கள் அவர்கள். அவ கதிரையை இழுத்துக் கட்டிலுக்கு வலது பக்கமாகப் போட்டு, என் முகத்துக்கு நேரே இருந்தா.

"அம்மா, வீட்டை போனா என்ன செய்ய ஏலாமல் போயிடுமோ எண்டு உங்களுக்குக் கவலையா இருக்கு?"

"நடந்தாக் காணும் மிஸ்," என்றாள் மகள்.

"அக்கா, உங்களிட்டப் பிறகு கேக்கிறன். அம்மா சொல்லட்டும்."

அப்புறம் ஒன்றும் பேசாமல் இருந்தா. எனக்குச் சொல் வர நேரம் எடுக்கும் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. மகளுக்கு வாய் துடித்தது. மிஸ் மெதுவாகக் கையைக் காட்டித் தடுத்தா. நான் இரண்டு சொன்னேன். ஒன்று, ஒருத்தரும் பிடிக்காமல் கக்கூசுக்குப் போக வேணும். இரண்டாவது, மெசின் மிதிக்க வேணும்.

நடக்க வேணும் என்று நான் சொல்லவேயில்லை. மகளுக்கு அது அதிர்ச்சி. மகனுக்குப் போனில் சொன்னபோது அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அம்மாக்கு இனி ஏன் தையல்? நான் காசு அனுப்புறன் தானே." காசு அனுப்புகிற பிள்ளைகளிடம் இதை விளங்கப்படுத்துவது லேசான வேலையல்ல. சட்டை தைக்க வருகிறவை அளவு கொடுத்துவிட்டு அப்படியே போய்விடுவதில்லை. இருந்து கதைப்பார்கள். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு இந்த விறாந்தையில்தான் தெரியும். மெசின் நின்றால் என்னிடம் ஆட்கள் வருவது நோயாளி பார்க்க வருவதாகிவிடும். நோயாளி பார்க்க வருகிறவை எவ்வளவு நேரம் இருப்பார்கள்? ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம், அவ்வளவுதான்.

மிஸ் ஒரு தாளில் என் இரண்டு ஆசைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை எண் கேட்டா. இது எனக்கு எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எனக்கு எவ்வளவு திருப்தி. கக்கூஸ்: முக்கியம் 10, செய்ய முடிவது 1, திருப்தி 1. இது கனடாவில் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் 1991இல் வெளியிட்ட ஒரு அளவுமுறையாம். கொஞ்சக் காலம் போய்த் திரும்பக் கேட்கும்போது இரண்டு புள்ளி கூடியிருந்தால் அதை உண்மையான முன்னேற்றமாக எடுக்கலாம் என்று சொன்னா. கை எத்தனை பாகை உயர்கிறது என்று பிசியோ அளப்பது ஒரு கணக்கு. என் வாழ்க்கையில் எது மாறியது என்று நானே புள்ளி போடுவது இன்னொரு கணக்கு. இரண்டும் வேண்டும்தான். ஆனால் அதுவரை இரண்டாவது கணக்கை யாரும் போடவில்லை. கனடாவிலிருந்து வந்தவற்றில் எனக்கு அதிகம் உதவியது இந்தத் தாள்தான் என்று மகனுக்குச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அவன் அனுப்பியது சில்லுப் பூட்டிய வாக்கர். வடிவான சாமான். வழவழப்பான நிலத்தில் தானாக உருளும். எங்கள் வளவில் செம்மண். மாரியில் மழை பெய்தால் செருப்பே கழன்று மண்ணோடு போய்விடும். அதோடு அதைப் பிடித்துத் தள்ள இரண்டு கை வேண்டும். எனக்கு ஒரு கைதான் பிடிக்கும். மிஸ் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், அடி நாலாகப் பிரிந்த ஒரு பொல்லை எடுத்து வந்து என் வலது கையில் தந்தா. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: சாமான் வாங்க முதல் இங்கே சிகிச்சை செய்கிறவரோடு ஒருக்கால் கதையுங்கோ. வாக்கருக்குக் கொடுத்த காசில் பாதி கூடச் செலவாகாது, கக்கூசுக்குப் பிடிகம்பி போட.

கக்கூஸ் கதைக்கு வருகிறேன். எல்லாரும் கூச்சப்பட்டு விடுகிற விஷயம் இது. எங்களுடையது வீட்டுக்குப் பின்னால், கிணற்றைத் தாண்டி இருக்கிறது. குந்தியிருக்கிற வகை. வாசலில் ஒரு படி. கதவு உள்ளுக்குத் திறக்கும். வாளி இடது பக்கம். இதையெல்லாம் வாயால் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது என்று, மகளைப் போனில் படம் எடுத்து வரச் சொன்னா மிஸ். கதவு திறந்தபடி ஒன்று, மூடியபடி ஒன்று, படியின் உயரம் தெரிய அடிமட்டத்தை நிறுத்தி ஒன்று, வீட்டிலிருந்து போகிற பாதை ஒன்று. அந்தப் படங்களை வைத்துத்தான் வேலை நடந்தது. குழிக்கு மேல் நடுவில் ஓட்டையிட்ட கொமட் கதிரை. கதவைக் கழற்றி வெளியே திறக்கிற மாதிரிப் பூட்டினார்கள். உள்ளே விழுந்தால் உள்ளுக்குத் திறக்கிற கதவைத் தள்ள முடியாது. வாளி வலது பக்கம் வந்தது. பாதைக்குச் சீமெந்து போட்டார்கள்.

பிடிகம்பியில்தான் ஒரு சங்கதி. போகும்போது வலது கையால் பிடிக்கலாம் என்று மேசன் வலது சுவரில் ஒன்று போட்டார். திரும்பி வரும்போது? அதே கம்பி இப்போது என் இடது பக்கத்தில், பிடிக்காத கையின் பக்கத்தில். மிஸ் முதலிலேயே இரண்டு பக்கமும் என்று எழுதித் தந்திருந்தா. மேசன் ஒன்று காணும் என்று நினைத்துவிட்டார். ஒரு பக்கம் விழுந்தவர்கள் இருக்கிற வீட்டில் போகிற வழியும் வருகிற வழியும் வேறு வேறு. கம்பி போட முதல் அந்த ஆளையே நடத்திப் பார்த்து, கை போகிற இடத்தில் சோக்கால் கோடு போட வேண்டும்.

உடுப்பு என் துறை. பாவாடை நாடாவை ஒரு கையால் முடியவே ஏலாது. இடுப்புக்கு இலாஸ்டிக் வைத்து, பக்கத்தில் வெல்குரோ ஒட்டுநாடா போட்டுப் பாவாடைகளை மாற்றச் சொல்லி, எப்படி வெட்டுவது என்று கட்டிலில் இருந்தபடி மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வருத்தம் வந்த பிறகு நான் ஒருத்தருக்கு வேலை சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று பின்னேரம் நன்றாகப் பசித்தது.

இனி மெசின்.

அதற்கு முன் என் வருத்தத்தில் இன்னொரு பகுதியைச் சொல்ல வேண்டும். வலது மூளை அடிபட்டவர்கள் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது. கண் பார்வை சரியாக இருக்கும். கவனம்தான் அங்கே போகாது. தட்டில் புட்டு முடிந்துவிட்டது, இன்னும் போடுங்கோ என்று நான் கேட்டேனாம். இடது பாதிப் புட்டு அப்படியே இருந்ததாம். பேத்தி ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைத்தாள். எனக்கு அது மாயம் மாதிரி இருந்தது: இல்லாத புட்டு வந்து நிற்கிறது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை, கை கொஞ்சம் பாரமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன் என்கிறார்கள். அதுவும் இந்த வருத்தத்தின் வேலைதான். தன் குறையைத் தானே காணாமல் செய்துவிடும்.

அதனால் நோயாளி சொல்வதே வேதம் என்று சொல்ல நான் வரவில்லை. என்ன வேண்டும் என்பதை நான் சொல்லலாம். அதற்கு எப்படிப் போவது, எங்கே ஆபத்து என்பது படித்தவர்கள் சொல்ல வேண்டியது. எனக்குத் தேத்தண்ணி குடிக்க ஆசை. தொண்டைத் தசையும் தளர்ந்திருந்ததால் தண்ணியான எதுவும் மூச்சுக்குழாய்க்குள் போய் நியூமோனியா வரலாம் என்றார்கள். பேச்சுச் சிகிச்சை செய்கிற மிஸ் 'கூடாது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. தேத்தண்ணியைக் கஞ்சிப் பதத்துக்குத் தடிப்பாக்கி, நிமிர்ந்து இருந்து, நாடியைக் கீழே தாழ்த்தி, ஒவ்வொரு மிடறாக, கதைக்காமல் விழுங்கக் காட்டித் தந்தா. நல்ல ருசி என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது தேத்தண்ணி.

மெசினிலும் அதே கொடுக்கல் வாங்கல். நான் தைக்க வேணும் என்கிறேன். உணர்ச்சி மங்கிய, கவனம் போகாத இடது கை ஊசிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்கிறா மிஸ். தைக்கிறவர்களுக்குத் தெரியும்: வலது கை சில்லைச் சுழற்றும், துணியைக் கொண்டுபோவது இடது கை. துணி கிடப்பதே இடது பக்கம். என் வேலை முழுக்க என் மனதில் இல்லாத பக்கத்தில்தான் இருந்தது.

முதலில் வாரைக் கழற்றிவிட்டா. மெசின் ஓடாது, மிதி மட்டும் ஆடும். இரண்டு காலையும் மிதியில் வைக்க வேண்டும். வலது கால் அழுத்த, இடது காலும் சேர்ந்து மேலும் கீழும் போகும். குதி, விரல், குதி, விரல். என் இடது பாதம் நடக்கும்போது நுனி தொங்கி நிலத்தில் தட்டும். அதற்குத் தேவையான அசைவு இதுதான் என்றா. வாட்டில் கட்டில் விளிம்பில் இருந்து பாதத்தைத் தூக்கு தூக்கு என்று பிசியோ சொன்னபோது பத்துக்கு மேல் எனக்கு அலுப்பு. மெசினில் எண்ணவே இல்லை. சில நாட்களில் இவர் வந்து, "காணும், கால் வீங்கப் போகுது," என்று நிறுத்த வேண்டியிருந்தது. பாரிசவாதத்துக்குப் பிறகு மூளை புது வழி பிடிப்பதற்கு ஒரே வேலையைக் கனதரம் செய்ய வேண்டும் என்பது இப்போது எல்லா இடத்திலும் சொல்கிற விஷயம். அந்தக் கனதரம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. எனக்கு அது பிடித்த வேலையிலிருந்து வந்தது.

அப்புறம் வாரைப் பூட்டினோம், ஊசி இல்லை. மிதியைப் பிழையான நேரம் அழுத்தினால் சில்லு பின்னுக்குச் சுழலும். தையல் பழகுகிற பெட்டைகளுக்கு நான் முதல் கிழமை சொல்லிக்கொடுக்கிற விஷயம்; இப்போது எனக்கு. அதன் பிறகு ஊசி போட்டோம், நூல் இல்லை. பேத்தியின் ஒற்றை றூள் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து ஊசிக்குக் கீழே வைத்து, கோட்டின் மேல் ஓட்டச் சொன்னா. இதுவும் பழகுகிறவர்கள் செய்வதுதான். துணிக்குப் பதில் தாள், தையலுக்குப் பதில் ஓட்டை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முதல் இரண்டு அங்குலம் கோட்டில் நேராக வந்த ஓட்டைகள் அதன் பிறகு வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து, தாளின் விளிம்புக்கே போயிருந்தன. நான் நேராகத்தான் ஓட்டினேன் என்று சத்தியம் செய்திருப்பேன். நூறு தரம் சொல்லியும் ஏறாதது அந்தத் தாளைப் பார்த்ததும் ஏறியது. என் இடது பக்கம் எங்கே தொலைகிறது என்பதை நானே கண்ணால் கண்டேன்.

மிஸ் மெசின் மேசையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒன்றை நீளமாக ஒட்டினா. ஒவ்வொரு தடவை மிதிக்க முதலும் அந்தச் சிவப்பைக் கண்ணால் தேடிப் பிடிக்க வேண்டும். அது கண்ணில் படும்வரை மிதி இல்லை. தட்டுக்கும் அதே மாதிரி, இடது பக்கம் ஒரு சிவப்புத் துணி. பஞ்சு ஒட்டிய சின்ன மரக்கட்டை ஒன்றை இடது உள்ளங்கைக்குக் கீழே வைத்து, கை ஊசிக்குக் கிட்ட வராமல் துணியை அழுத்தப் பழக்கினா. கோட்டில் நேராக வந்த முதல் தாளைப் பேத்தி தன்ர கொப்பியிலேயே திரும்ப ஒட்டிவைத்திருக்கிறாள்.

இந்தப் பாரிசவாதக் கையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். உறவுக்காரர் ஒருவர் வந்து, இடது கையைக் கப்பிக் கயிற்றில் கட்டி, வலது கையால் இழுத்து மேலே தூக்கினால் கை வந்துவிடும் என்றார். கிணற்றடியில் கப்பி இருக்கிறது, கயிறு இருக்கிறது, யோசனையும் சுகம். பிசியோ கேட்டதும் பதறிவிட்டார். தசை தளர்ந்திருக்கும் தோளில் மூட்டு தன்பாட்டிலேயே இறங்கியிருக்கும். கப்பி போட்டு மேலே இழுத்தால் தோள் நோவு வந்து, பிறகு ஆட்களைத் தொடவே விடாது. ஏலாத கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும் அப்படித்தான். படுக்கும்போதும் இருக்கும்போதும் கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, தூக்குவதென்றால் இடுப்பில் பிடித்துத் தூக்க வேண்டும். எனக்கு உதவ வந்த ஒவ்வொருத்தரும் முதலில் நீட்டியது என் இடது கையைப் பிடிக்கத்தான். வாசலிலேயே சொல்லி வைக்க வேண்டியிருந்தது.

என்னிடம் தைக்க வருகிற அக்கா ஒருவர் போர்க்காலத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அவர் போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால். என் சங்கதி கேள்விப்பட்டு வந்தவர், தோட்டத்தில் குந்தியிருந்து மிளகாய்க் கன்றுக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த கையோடுதான் வந்தார். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் எலும்பு வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து செய்த கால் அது. அதற்கு முன் மேல்நாட்டு மாதிரியில் செய்த கால்களுக்குச் சப்பாத்து வேண்டும். குந்த முடியாது, சப்பாணி கட்டி இருக்க முடியாது. எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு வயலுக்கு இறங்குகிறவர்கள், நிலத்தில் இருந்து சாப்பிடுகிறவர்கள், கோயிலுக்குள் செருப்போடு போகாதவர்கள். அந்தக் காலைக் கொடுத்தால் வீட்டு மூலையில் சாத்திவிடுவார்கள். ரப்பரில் செய்த ஜெய்ப்பூர் பாதம் போடுகிறவரின் வாழ்க்கையிலிருந்து தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் இயங்குகிறது. எங்கள் பக்கத்தில் கால் இழந்த கனபேர் அங்கே போய் வந்தவர்கள்தான்.

அந்த அக்கா எனக்குச் சொன்னது ஒன்றுதான். "தங்கச்சி, கால் சரியோ எண்டு அவை கேட்டால் சரி எண்டு சொல்லாதையுங்கோ. நான் தோட்டத்தில குந்தோணும் எண்டு சொல்லுங்கோ. அப்பத்தான் அவைக்கு வேலை விளங்கும்."

உலக சுகாதார நிறுவனம் 2001இல் இயலாமை பற்றி ஒரு வகைப்படுத்தலை ஏற்றுக்கொண்டது. ஐ.சி.எஃப். என்று சொல்வார்கள். உடம்பில் என்ன பழுது என்பதோடு அது நிற்பதில்லை. அந்த ஆள் என்ன செய்கிறார், எதில் பங்கெடுக்கிறார், சுற்றுச்சூழல் உதவுகிறதா தடுக்கிறதா, அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. மிஸ் எனக்கு இதை விளக்கியபோது, என் வீட்டுக் கக்கூஸ் கதவு உள்ளுக்குத் திறப்பதும் என் இயலாமையில் ஒரு பங்கு என்றா. கை சுகமாக மாதக்கணக்கு எடுக்கும். கதவை மாற்ற ஒரு பின்னேரம் காணும்.

மனதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பற்றி நீளமாகக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். எனக்கும் வந்தது. விடியப்புறம் விழிப்பு, சாப்பாடு வேண்டாம், ரீவி விளம்பரத்துக்கு அழுகை. வீட்டில் அதைப் பயிற்சிக்குப் பஞ்சி என்று எடுத்தார்கள். மிஸ் கண்டுபிடித்து மனநல வைத்தியரிடம் அனுப்பியபோது மச்சாள், "விசருக்கு மருந்து குடுக்கிறவரிட்டையோ?" என்றா. போனேன். குளிசை தந்தார். சில கிழமை பிடித்தது, ஆனால் உதவியது. களைப்பும் அப்படித்தான், பஞ்சி அல்ல அது, மூளை அடிபட்டவர்களுக்கு வருகிற களைப்பு. காலையில் குளிப்பு, உடுப்பு மாற்றுவது, மெசின் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பின்னேரம் நான் இல்லை. ஒன்றை மகளிடம் விட்டுவிடலாம். எதை விடுவது என்று நான் முடிவு செய்கிறேன். நான் விட்டது குளிப்பு. மகள் குளிப்பாட்டி விடட்டும், மிச்சப் பெலத்தில் நான் தைக்கிறேன். தன் வேலையைத் தானே செய்வதுதான் சுகம் என்று நினைக்கிறவர்களுக்கு இது பிடிக்காது. என் பெலம் என் கணக்கு.

குடும்பத்தைப் பற்றி ஒரு உண்மை. இங்கே சிகிச்சையாளர்கள் குறைவு, கிளினிக் நாளில் கூட்டம், ஓட்டோக் காசு வேறு. அதனால் வீட்டு ஆட்களைப் பழக்கிவிட்டால் சரி என்று நினைக்கத் தோன்றும். இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்து, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். குடும்பத்தவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வு செய்த பிரிவிலும், வழமையான கவனிப்புப் பிரிவிலும், 6 மாதத்தில் இறந்தவர்களும் பிறரை நம்பியிருந்தவர்களும் சேர்ந்து ஒரே அளவு: 47 சதவீதம். குடும்பம் வேண்டாம் என்பது இதற்கு அர்த்தமல்ல. என் மகளும் இவரும் இல்லாவிட்டால் நான் எங்கே? ஆனால் அந்த மிஸ் செய்த வேலையை மகளின் தலையில் கட்டிவிட முடியாது. தாளில் ஓட்டை போட வைக்க அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு ஓய்வும் வேண்டும். கிழமையில் ஒரு பின்னேரம் அவள் வரக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன்.

கிளினிக்குப் போக முதல் நான் இப்போது செய்கிற சிலவற்றை, புதிதாக இந்த வழிக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாள் இரவே பேத்தியைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதிவிடுவேன்: இந்த மாதம் எனக்கு எது வேண்டும், எங்கே, எப்போது. 'கை சரிவர வேணும்' என்று எழுதினால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. 'சட்டைக்கு ஊக்குப் பூட்டும்போது துணியை இடது கை பிடிக்க வேணும்' என்றால் அதில் வேலை இருக்கிறது. பேச்சு முற்றாக நின்றவர்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். படங்களைக் காட்டி, தலையாட்டலில், கண்ணசைவில் தெரிவு கேட்க முடியும். நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கூட வருகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை: கேள்வி கேட்டதும் அவர்கள் வாய் திறக்கக் கூடாது. நான் திரும்பிப் பார்த்தால் மட்டும் சொல்லலாம். இவருக்கு இது பழக ஒரு வருடம் பிடித்தது. இன்னும் சில வேளை இருமுவார்.

வேறோர் இடத்தில் ஒருமுறை கொப்பியை நீட்டினேன். பார்க்காமலே, "அம்மா, முதலில நடவுங்கோ, பிறகு தையலைப் பாப்பம்," என்றார் அங்கிருந்தவர். கூட்டமும் அப்படி, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நடப்பதும் தைப்பதும் வரிசையில் நிற்கிற விஷயங்கள் அல்ல என்பதை என் கால் காட்டியிருக்கிறது. மிதியில் பழகிய பாதம்தான் இன்று செம்மண்ணில் நுனி தட்டாமல் வருகிறது. அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. கொப்பியை அடுத்த தடவையும் கொண்டு போனேன்.

இப்போது சேலைச் சட்டை தைக்கிறேன், மெதுவாக. பொத்தான் ஓட்டை என்னால் ஏலாது. பக்கத்து வீட்டுப் பெட்டை செய்கிறாள், அதற்கு அவளுக்குக் காசு. அயன் பண்ணுவது பேத்தி. சீருடை பத்து வந்தால் மூன்று எடுக்கிறேன், மிச்சத்தைத் திருப்பிவிடுகிறேன். மெசினுக்குப் போட்ட புள்ளி 7. கக்கூசுக்கு 9, மழை பெய்கிற இரவில் மட்டும் இவரைக் கூப்பிடுகிறேன்.

கொப்பியில் அடுத்ததாக இருப்பது மினிபஸ். யாழ்ப்பாணம் போய்ப் பெரிய கடையில் நானே துணி தொட்டுப் பார்த்து எடுக்க வேணும். மகள் எடுத்து வருகிற துணி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிறம் அவளுடைய நிறம். இவர், "ஓட்டோவில போவம்," என்கிறார். ஓட்டோவில் போனால் ஓட்டோக்காரரோடு மட்டும்தான் கதைக்கலாம். சந்தியில் பஸ் நிற்கும்போது பேத்தியை அளவுநாடாவோடு அனுப்பி முதல் படியை அளந்து வரச் சொன்னேன்: 16 அங்குலம். பிசியோ சொன்ன முறை, ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது ஏலாத கால் முதல். விறாந்தைப் படி 7 அங்குலம்தான், அதில் பழகிவிட்டேன். அடுத்ததாகப் பழக மேசனிடம் 12 அங்குலத்தில் ஒரு பலகைப் படி கேட்டிருக்கிறேன், இந்த முறை இரண்டு பக்கமும் பிடி வைத்து.